ஹீமோகுளோபின் ஏறியது, கட்டி பணியவில்லை: டென்மார்க்கின் தலை, கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைகள் குறித்த நிகழ்வு ஆய்வு

கதிர்வீச்சு சிகிச்சைக்கு வந்திருக்கும் தொண்டைப் புற்றுநோயாளியின் விரலில் பல்ஸ் ஆக்சிமீட்டரை மாட்டினால் 98 என்று காட்டும். அவருக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 14 கிராம் இருந்தாலும் 98தான், 8 கிராம் இருந்தாலும் 98தான். கதிர் பாயும் அந்த நொடியில் கட்டிக்குள் எவ்வளவு ஆக்சிஜன் இருக்கிறது என்பதை ஆக்சிமீட்டரும் சொல்லாது, ரத்தப் பரிசோதனைச் சீட்டும் நேரடியாகச் சொல்லாது. சிகிச்சையின் பலனைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு அதற்குத்தான்.

ரத்தசோகை உள்ளவர்களுக்குக் கதிர்வீச்சு சரியாக வேலை செய்வதில்லை என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். அப்படியென்றால் ரத்தத்தை ஏற்றிவிட்டால் போதுமே என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்த எண்ணத்தை மிகக் கறாராகச் சோதித்துப் பார்த்தவர்கள் டென்மார்க்கின் டஹான்கா குழுவினர். நாட்டின் தலை, கழுத்துப் புற்றுநோய் சிகிச்சை மையங்கள் சேர்ந்து நடத்தும் ஆய்வுக் குழு அது. ஆர்ஹுஸ் நகரின் யென்ஸ் ஓவர்கார்ட் அதன் முக்கியமான ஆய்வாளர். ஒரே நாடு, ஒரே வகைக் கட்டி, ஏறக்குறைய ஒரே கதிர் அளவு. அதில் மூன்று வழிகளைச் சோதித்தார்கள். ஒன்று பலித்தது, ஒன்று வீணானது, ஒன்று நோயாளிகளுக்குக் கெடுதலாக முடிந்தது.

ஆக்சிஜன் இங்கே என்ன செய்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். எக்ஸ் கதிர் செல்லைக் கொல்வது பெரும்பாலும் டி.என்.ஏ.வை உடைத்துத்தான். கதிர் பட்டதும் செல்லுக்குள் இருக்கும் நீர் சிதறி ஃப்ரீ ரேடிக்கல்கள் உண்டாகின்றன, அவை டி.என்.ஏ.வைத் தாக்கிக் காயப்படுத்துகின்றன. அந்தக் காயம் இன்னும் நிலைக்கவில்லை. பக்கத்தில் இருக்கும் குளூட்டதயோன் என்ற செல்லின் பாதுகாப்புப் பொருள் ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்து அதை ஆற்றிவிட முடியும். அதற்குள் ஆக்சிஜன் முந்திக்கொண்டு ஒட்டினால் பெராக்சைடு உண்டாகிக் காயம் நிலைத்துவிடும். இந்தப் போட்டி சில மில்லி நொடிகளுக்குள் முடிந்துபோகிறது. நேற்று இருந்த ஆக்சிஜனுக்கும் சிகிச்சை முடிந்து ஒரு மணி நேரம் கழித்து வந்த ஆக்சிஜனுக்கும் இதில் வேலையே இல்லை.

1909லேயே காட்வால்ட் ஷ்வார்ஸ், ரேடியத்தைத் தோலில் அழுத்தி வைத்து ரத்த ஓட்டத்தைக் குறைத்தால் தோல் பாதிப்பும் குறைவதைக் கவனித்தார். 1955இல் தாம்லின்சனும் கிரேயும் நுரையீரல் கட்டிகளின் மெல்லிய சீவல்களை நுண்ணோக்கியில் அளந்தார்கள். கட்டிச் செல்கள் கயிறுபோல் திரண்டிருந்தன. ரத்தக் குழாய்கள் அந்தக் கயிற்றின் வெளிப்புறத்தில் மட்டுமே ஓடின. ஆரம் 160 மைக்ரானுக்குக் குறைவான கயிறுகளின் நடுவே செத்த பகுதி இல்லை. 200 மைக்ரானைத் தாண்டிய கயிறுகளில் நடு எப்போதும் செத்துக் கிடந்தது. ஆக்சிஜன் அவ்வளவு தூரம்தான் போகிறது. வழியில் இருக்கும் செல்களே அதைத் தின்றுவிடுகின்றன. செத்த நடுவுக்கும் உயிருள்ள வெளிப்புறத்துக்கும் இடையில் மெல்லிய விளிம்பு ஒன்று இருக்கிறது. அங்கே இருக்கும் செல்கள் சாகவில்லை, மூச்சுத் திணறிக்கொண்டு உயிரோடு இருக்கின்றன. சிக்கல் இவற்றால்தான்.

ஆக்சிஜனே இல்லாத செல்லைக் கொல்ல, நன்றாக ஆக்சிஜன் கிடைக்கும் செல்லுக்குத் தேவைப்படுவதைப்போல் 2.5 முதல் 3 மடங்கு கதிர் வேண்டும். இந்த வித்தியாசத்தில் பாதி, ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 3 மி.மீ. பாதரசத்தை எட்டும்போதே மறைந்துவிடுகிறது. 20 முதல் 30 மி.மீ.க்கு மேல் போனால் கூடுதல் பலன் அநேகமாக இல்லை. அதாவது, கட்டிக்குள் மிகக் கொஞ்சமாக ஆக்சிஜன் ஏறினாலே போதும். அந்தக் கொஞ்சம் போய்ச் சேரவேண்டிய இடத்துக்குச் சேரவேண்டும்.

இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு ஒரு கணக்கு. 2 கிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு) வீதம் 30 அமர்வு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு அமர்விலும் ஆக்சிஜன் உள்ள செல்களில் பாதி பிழைக்கிறது என்றால், 100 கோடி செல்கள் உள்ள கட்டியில் கடைசியில் ஏறக்குறைய ஒன்று மிஞ்சும். ஆக்சிஜன் இல்லாத செல்லுக்கு 2.5 மடங்கு கதிர் தேவை என்பதால், அதைப் பொறுத்தவரை 30 அமர்வு வெறும் 12 அமர்வுக்குத்தான் சமம். கட்டியில் நூற்றில் ஒரு பங்கு, அதாவது 1 கோடி செல்கள், கடைசிவரை அப்படியே இருந்தால் சுமார் 2,400 செல்கள் பிழைத்துக்கொள்ளும். நல்லவேளையாக அவை கடைசிவரை அப்படியே இருப்பதில்லை. வெளிப்புறச் செல்கள் செத்து விலக, உள்ளே இருப்பவற்றுக்கு ஆக்சிஜன் எட்டத் தொடங்குகிறது. சிகிச்சையைப் பல வாரங்களுக்குப் பிரித்துக் கொடுப்பதில் கிடைக்கும் பெரிய லாபங்களில் இதுவும் ஒன்று. எல்லாக் கட்டியிலும் இது முழுதாக நடப்பதில்லை என்பதுதான் கவலை.

இனி ரத்தத்துக்கு வருவோம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மில்லி ஆக்சிஜனைச் சுமக்கும். 98% நிறைவில், 14 கிராம் உள்ளவரின் ஒவ்வொரு டெசிலிட்டர் ரத்தத்திலும் 18.4 மில்லி ஆக்சிஜன் ஹீமோகுளோபினோடு போகிறது. 8 கிராம் உள்ளவருக்கு 10.5 மில்லிதான். ரத்த நீரில் கரைந்து போவது இரண்டு பேருக்குமே 0.3 மில்லி. லாரிகள் எல்லாம் நிறைந்துதான் போகின்றன என்று ஆக்சிமீட்டர் சொல்கிறது; எத்தனை லாரி என்று அதற்குத் தெரியாது. முகமூடி மாட்டி முழு ஆக்சிஜன் கொடுத்தாலும் கரைந்த பங்கு இரண்டு மில்லியைத் தாண்டுவது அரிது. ஆகவே, 98 காட்டும் ரத்தசோகை நோயாளிக்குச் சாதாரண முகமூடியில் ஆக்சிஜன் கொடுத்துவிட்டுக் குறையைச் சரிசெய்துவிட்டதாக நினைத்துவிடக் கூடாது.

டஹான்கா 5 பரிசோதனை 1986 ஜனவரியில் தொடங்கி 1990 செப்டம்பர்வரை நோயாளிகளைச் சேர்த்தது. தொண்டைக் குழி, குரல்வளையின் மேற்பகுதி ஆகிய இடங்களில் புற்றுநோய் உள்ள 422 பேர். அவர்களில் தகுதியானவர்கள் 414. கதிர் 62 முதல் 68 கிரே, அமர்வுக்கு 2 கிரே, வாரம் ஐந்து அமர்வு. பாதிப் பேருக்கு நிமோராசோல், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

நிமோராசோல், மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லியின் குடும்பத்தைச் சேர்ந்த மருந்து. டி.என்.ஏ. காயத்தில் ஆக்சிஜன் செய்யும் வேலையை இது ஓரளவு செய்கிறது. ஆனால் வழியிலுள்ள செல்கள் ஆக்சிஜனைத் தின்பதுபோல் இதைத் தின்று தீர்ப்பதில்லை. அதனால் 160 மைக்ரானுக்கு அப்பாலும் போய்ச் சேர்கிறது. அளவு, உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 1.2 கிராம், கதிருக்கு 90 நிமிடம் முன்னால் வாய்வழியாக. அந்த 90 நிமிடம் அலங்காரத்துக்குச் சொன்னதல்ல. ரத்தத்தில் மருந்து உச்சத்தில் இருக்கும்போது கதிர் பாயவேண்டும். மாத்திரையை விழுங்கிவிட்டு, இயந்திரம் பழுதானதால் நோயாளி பல மணி நேரம் காத்திருந்தால் அன்றைய மருந்தின் பலன் குறைந்துபோகும். குமட்டலும் வாந்தியும்தான் அதிகம் வந்த பக்க விளைவுகள். இதே குடும்பத்தில் இதற்கு முன் வந்த மிசோனிடசோல் நரம்புகளைப் பாதித்ததால் அதைப் போதுமான அளவுக்குக் கொடுக்கவே முடியவில்லை. நிமோராசோலை ஒவ்வொரு அமர்வுக்கும் கொடுக்க முடிந்தது.

ஐந்தாண்டு முடிவில் கட்டி இருந்த இடத்திலும் கழுத்திலும் நோய் அடங்கியிருந்தவர்கள், நிமோராசோல் பிரிவில் 49%, மற்றப் பிரிவில் 33%. கதிர்வீச்சால் பின்னாளில் வரும் பாதிப்பு இரு பிரிவிலும் ஒன்றுதான். அதே பரிசோதனையில் மருந்தைப் பொருட்படுத்தாமல் ஹீமோகுளோபினை வைத்து மட்டும் பிரித்துப் பார்த்தபோது, அதிகம் இருந்தவர்களுக்கு 46%, குறைவாக இருந்தவர்களுக்கு 37%. ஆக, ரத்தத்துக்கும் முடிவுக்கும் தொடர்பு இருப்பது கண்கூடு. ஒன்றையும் சொல்லவேண்டும். பின்னர் வந்த ஆய்வுகள், ஆக்சிஜன் குறைவைக் காட்டும் மரபணு அடையாளம் உள்ள கட்டிகளுக்கும், எச்.பி.வி. வைரஸால் வராத கட்டிகளுக்கும் மட்டுமே இந்தப் பலன் இருப்பதைக் காட்டின. வேறு நாடுகளில் நடந்த அண்மைக்காலப் பரிசோதனைகளில் அதே லாபம் கிடைக்கவில்லை. அதனால் டென்மார்க்குக்கு வெளியே இந்த மருந்து பரவலாக வேரூன்றவில்லை.

அடுத்தது ரத்தம் ஏற்றும் பரிசோதனை. டஹான்கா 5, 7 இரண்டிலுமே இதைச் சேர்த்துச் செய்தார்கள். பெண்ணுக்கு 13 கிராமுக்கும், ஆணுக்கு 14.5 கிராமுக்கும் கீழே இருந்தால் ‘குறைவு’ என்று வகுத்து, அந்தப் பிரிவினரைச் சீட்டுக் குலுக்கி இரண்டாகப் பிரித்தார்கள். 235 பேருக்கு ரத்தச் சிவப்பணு ஏற்றுவது, 230 பேருக்கு ஏற்றாமல் விடுவது. ஹீமோகுளோபின் அதிகம் இருந்தவர்களையும் சேர்த்து மொத்தம் 1,166 நோயாளிகளின் தரவு சேர்ந்தது. ஏற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு எண் ஏறியது. ஆனால் சிகிச்சை போகப் போக மெல்ல இறங்கியது. குறைவாக இருந்தவர்கள், அதிகம் இருந்தவர்களைவிட மோசமான முடிவையே கண்டார்கள். ரத்தம் ஏற்றியதால் அந்த நிலை மாறவில்லை. நோய் அடங்குவதிலும் வித்தியாசம் இல்லை, உயிர் பிழைப்பதிலும் இல்லை. கட்டியின் அளவு, கழுத்து நெறிக்கட்டி, எச்.பி.வி. ஆகியவற்றைக் கணக்கில் சேர்த்ததும் ஹீமோகுளோபினின் தனிப் பங்கே காணாமல் போனது.

இதில் நம்மூர் வாசகர் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. டென்மார்க்கில் ‘குறைவு’ என்றது 14 கிராம் உள்ள ஆணையும் சேர்த்துத்தான். இங்கே அவரை யாரும் ரத்தசோகைக்காரர் என்று சொல்லமாட்டோம். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 57% பேருக்கு ரத்தசோகை. 7 கிராமோடு வரும் கருப்பை வாய்ப் புற்றுநோயாளியைப் பற்றி இந்தப் பரிசோதனை எதுவும் சொல்லவில்லை. ‘ரத்தம் ஏற்றிப் பயனில்லை என்று டேனிஷ்காரர்கள் நிரூபித்துவிட்டார்கள்’ என்று அவருக்கு ஏற்றாமல் விட்டால் அது பெரும் பிழை.

மூன்றாவது வழி, எலும்பு மஜ்ஜையைத் தூண்டி நோயாளியின் உடலையே சிவப்பணுக்களை உண்டாக்க வைப்பது. டஹான்கா 10இல், ஹீமோகுளோபின் 14.5க்குக் கீழே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயெட்டின் ஹார்மோன் வகையைச் சேர்ந்த டார்பிபொயெட்டின் ஊசியை வாரம் 150 மைக்ரோகிராம் போட்டார்கள். எல்லோருக்கும் நிமோராசோலும் உண்டு. 600 பேரைச் சேர்ப்பது திட்டம். 2006இல் இடைக்கணக்கு பார்த்ததும் 522 பேரோடு நிறுத்திவிட்டார்கள். ஊசி தன் வேலையைச் செய்தது. அந்தப் பிரிவில் 81% பேருக்கு ஹீமோகுளோபின் திட்டமிட்ட அளவைத் தாண்டியது, மற்றப் பிரிவில் 19% பேருக்குத்தான். ஆனால் ஐந்தாண்டுக்குள் கட்டி திரும்பியவர்கள் ஊசிப் பிரிவில் 47%, மற்றப் பிரிவில் 34%. ரத்தம் ஏறிய பிரிவில்தான் கட்டி அதிகம் பேருக்குத் திரும்பியது.

இது தற்செயல் இல்லை என்பதற்கு ஜெர்மனியின் ஹென்கே குழு 2003இல் வெளியிட்ட பரிசோதனையே சாட்சி. 351 தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள். அதே வகை ஊசியான எபொயெட்டின் பீட்டா, உடல் எடையில் கிலோவுக்கு 300 அலகு, வாரம் மூன்று முறை. அங்கும் 82% பேருக்கு ஹீமோகுளோபின் இலக்கைத் தொட்டது. அங்கும் நோய் முற்றும் அபாயம் ஊசிப் பிரிவில் 1.62 மடங்கு. 2007இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த வகை மருந்துகளின் குறிப்புச் சீட்டில் கறுப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட வைத்தது.

ஏன் இப்படி? குழாய்களில் ரத்தம் உறைவதுதான் காரணம் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. டஹான்கா 10இல் இதய, ரத்தக்குழாய்க் கோளாறுகள் கூடவில்லை. கட்டிச் செல்களே அந்த ஹார்மோனின் தூண்டுதலைப் பெறுகின்றனவா என்பதில் ஆய்வாளர்களிடையே சண்டை ஓயவில்லை. அதைக் கண்டறியப் பயன்படுத்திய ஆன்டிபாடியின் நம்பகத்தன்மையே கேள்விக்கு உள்ளானது. எனக்கு வலுவாகத் தோன்றுவது ரத்த ஓட்டம் சார்ந்த விளக்கம். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஃபௌபெல் குழுவினர் கட்டிகளுக்குள் மெல்லிய எலெக்ட்ரோடைச் செருகி ஆக்சிஜன் அழுத்தத்தை நேரடியாக அளந்தார்கள். ஹீமோகுளோபின் 12 முதல் 14 கிராம்வரை உள்ளவர்களிடம்தான் கட்டிக்குள் ஆக்சிஜன் அதிகம் இருந்தது. அதற்கு மேல் ஏற ஏற ஆக்சிஜன் குறைந்தது. சிவப்பணு கூடினால் ரத்தம் தடித்துப்போகிறது. கட்டியின் குழாய்களோ கோணல்மாணலானவை, பாதி அடைபட்டவை. தடித்த ரத்தம் அவற்றில் நகராது. ஹீமோகுளோபினைக் கூட்டி லாரிகளைப் பெருக்கினால் போக்குவரத்து நெரிசலும் சேர்ந்தே பெருகுகிறது.

ரத்தம் ஏற்றியதன் பலன் நிற்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எலிகளில் செய்த சோதனைகளில், ரத்தம் ஏற்றியதும் கட்டியின் ஆக்சிஜன் கூடியது. ஆனால் ஒரு நாளுக்குள்ளேயே கட்டி புதிய அளவுக்குப் பழகிப் பழைய பசிக்குத் திரும்பியது. சேமிப்பில் இருந்த ரத்தத்தில் 2,3 டி.பி.ஜி. என்ற பொருளும் தீர்ந்துபோயிருக்கும். அது இல்லாமல் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். திசுவுக்குக் கொடுக்கத் தயங்கும். உடலுக்குள் வந்தபின் அது மீள ஓரிரு நாள் ஆகும். காலையில் ஏற்றிவிட்டு மதியம் கதிர் கொடுத்தால், சீட்டில் எண் நன்றாகத் தெரிந்தாலும் கட்டிக்குக் கிடைப்பது அதற்கேற்ப இருக்காது.

காசு செலவில்லாமல் கட்டியின் ஆக்சிஜனைக் கூட்டும் வழி, சிகிச்சை நாட்களில் புகையை விடுவது. புகைபிடிப்பவரின் ஹீமோகுளோபினில் 5 முதல் 10% கார்பன் மோனாக்சைடால் அடைபட்டிருக்கலாம். 14 கிராம் உள்ளவர் அப்போது 12.6 கிராம் உள்ளவரைப்போல் ஆகிறார். மீதமுள்ள ஹீமோகுளோபினும் ஆக்சிஜனை விடாமல் பிடித்துக்கொள்கிறது. சாதாரண ஆக்சிமீட்டர் இரண்டு நிற ஒளியை மட்டும் வைத்து அளப்பதால் மோனாக்சைடு ஏறிய ஹீமோகுளோபினையும் ஆக்சிஜன் ஏறியதாகவே எண்ணி 97, 98 என்று காட்டும். கனடாவில் பிரவுமன் குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்தபடியே புகைபிடித்தவர்களில் கட்டி முழுதாகக் கரைந்தது 45% பேருக்கு, பிடிக்காதவர்களில் 74%. சாதாரணக் காற்றை மூச்சிழுத்தால் மோனாக்சைடு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். ஒரேயடியாக விட முடியாதவரிடம், முதல்நாள் இரவிலிருந்து சிகிச்சை முடியும்வரையாவது பிடிக்காமல் இருக்கச் சொல்வது இந்தக் கணக்கால்தான்.

டஹான்கா 6, 7 பரிசோதனைகளின் இன்னொரு முடிவையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். அதே மொத்த அளவை வாரம் ஐந்துக்குப் பதில் ஆறு அமர்வாகக் கொடுத்தபோது சிகிச்சைக் காலத்தின் நடுமதிப்பு 46 நாளிலிருந்து 39 நாளாகக் குறைந்தது. நோய் அடங்கியவர்கள் 60%இலிருந்து 70% ஆனார்கள். ஹீமோகுளோபின் ஏறட்டும் என்று காத்திருந்து நாட்களை வீணாக்குவதில் உள்ள ஆபத்து இதிலிருந்து புரியும்.

கருப்பை வாய்ப் புற்றுநோயில் கதை இன்னும் முடியவில்லை. டொராண்டோவின் பிரின்சஸ் மார்கரெட் மருத்துவமனையில் புஷ் குழுவினர் 1978இல் வெளியிட்ட ஆய்வு, 12 கிராமுக்குக் கீழே இருந்தவர்களுக்கு இடுப்புப் பகுதியில் நோய் அதிகம் திரும்புவதைக் காட்டியது. ரத்தம் ஏற்றியது உதவியதாகவும் தோன்றியது. பின்னாளில் அதே மருத்துவமனையினர் அந்தத் தரவை மறுபடி அலசியபோது அந்த உதவி உறுதிப்படவில்லை. இருந்தாலும் 10 கிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது பல மையங்களின் வழக்கம். எண்ணுக்காக 13, 14 என்று துரத்துவதற்கு மட்டும் ஆதாரம் இல்லை. குணமாக்கும் நோக்கில் கதிர் எடுப்பவருக்கு எரித்ரோபொயெட்டின் வகை ஊசிகள் கூடாது.

நடைமுறையில் பெரும்பாலும் பிழை நடப்பது தொடக்கத்திலேயே. பயாப்சி நாளில் ஹீமோகுளோபின் 8 என்று வந்திருக்கும், யாரும் தொடமாட்டார்கள். மூன்று வாரம் கழித்து முதல் அமர்வுக்கு முந்தைய மாலையில் அவசர அவசரமாக இரண்டு யூனிட் ஏற்றுவார்கள். பயாப்சி நாளிலேயே ஃபெரிட்டினையும் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது) டிரான்ஸ்ஃபெரின் நிறைவையும் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பது) சேர்த்துப் பார்க்கவேண்டும். புற்றுநோயின் அழற்சியால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறி நிற்கும். நிறைவு 20%க்குக் கீழே இருந்தால் இரும்புப் பற்றாக்குறை என்றே எடுத்துக்கொள்ளலாம். 45 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 8இலிருந்து 12 கிராமுக்குக் கொண்டுபோக வேண்டிய இரும்பு: எடை 45 × ஏறவேண்டிய 4 கிராம் × 2.4 என்ற மாறிலி என்றால் 432, சேமிப்புக்கு 500, ஆக 932 மில்லிகிராம். இதை நரம்புவழியே கொடுத்தாலும் எண் தெளிவாக ஏற இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். திட்ட சி.டி., முகமூடி வார்ப்பு, வரிசையில் காத்திருப்பு என்று போகும் அந்த வாரங்கள்தான் இதற்கான நேரம். ரத்தக் கசிவு இருந்தால் டிரானெக்சாமிக் அமிலம், பஞ்சு அடைப்பு என்று முதலில் அதை நிறுத்தவேண்டும். ஓட்டைப் பானையில் இரும்பை ஊற்றிப் பயனில்லை.

ரத்தம் ஏற்றியே ஆகவேண்டும் என்றால், ஒரு யூனிட் சிவப்பணு சுமார் 1 கிராம் உயர்த்தும் என்று கணக்கிட்டு, கதிருக்கு ஓரிரு நாள் முன்னதாகவே ஏற்றுவது நல்லது. ஒரு யூனிட் ஏற்றி, மறுபடி அளந்து, தேவைப்பட்டால்தான் அடுத்தது. ஒவ்வொன்றும் குளிர்பெட்டியிலிருந்து எடுத்த நான்கு மணி நேரத்துக்குள் முடியவேண்டும். எடை குறைந்த, வயதான நோயாளிக்கு இரண்டு யூனிட்டைத் தொடர்ந்து ஓடவிட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அப்போது ஆக்சிமீட்டர் எண்ணே விழும், கதிரும் அன்று நின்றுபோகும்.

வாரம் தவறாமல் ஹீமோகுளோபின் பார்ப்பதை நான்காவது வாரத்தோடு விட்டுவிடக் கூடாது. கதிரோடு சேர்த்துக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து மஜ்ஜையை அடக்குவதன் முழு விளைவு அந்தச் சமயத்தில்தான் தெரியும். கருப்பை வாய்க்கு உள்வழிக் கதிர்வீச்சு வருவதும் அப்போதே: ஒரே அமர்வில் 7 கிரே வீதம், கட்டியின் நடுவுக்கே. மொத்த சிகிச்சையும் எட்டு வாரத்துக்குள் முடிந்தாகவேண்டும். 9 கிராம் என்று மயக்க மருத்துவர் திருப்பி அனுப்பினால் ஒரு வாரம் போய்விடும். அதனால் அந்த அமர்வுக்கு ஐந்து நாள் முன்பே ரத்தம் எடுத்துப் பார்த்து, முடிவை மயக்கவியல் துறைக்கும் அன்றே தெரிவித்துவிடுவது வழக்கமாக வேண்டும்.